‘பிக் அப்’: ‘அப்’பை எங்கே வைப்பது?

இந்தச் சொல் நம் வீட்டுத் தமிழுக்குள் எப்போதோ குடியேறிவிட்டது. ‘ஸ்டேஷன்ல வந்து பிக்கப் பண்ணிக்கோ’, ‘போனை பிக் பண்ணவே மாட்டேங்கிறான்’, ‘வண்டிக்கு பிக்கப் பத்தலை’, ‘வியாபாரம் இப்பத்தான் பிக்கப் ஆகுது’ என்றெல்லாம் தினமும் பேசுகிறோம். ஆகவே அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே இந்த அத்தியாயத்தைத் தொடங்குகிறேன். சிக்கல் அர்த்தத்தில் இல்லை. அதே சொல்லை முழு ஆங்கில வாக்கியத்தில் வைக்கும்போது ஒன்று ‘அப்’ தொலைந்துபோகிறது, அல்லது தப்பான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

வினைச்சொல்லோடு ‘அப்’, ‘ஆஃப்’ மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வருவதை ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். எத்தனையோ ஃப்ரேசல் வெர்ப் இருக்க இதை ஏன் முதலில் எடுக்க வேண்டும்? அடிக்கடி வருவதால்தான். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்பது 10 கோடிச் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுப்பு. அதை வைத்து டீ கார்ட்னர், மார்க் டேவீஸ் இருவரும் 2007இல் வெளியிட்ட பட்டியலில் ‘பிக் அப்’ முதல் ஐந்து இடங்களுக்குள் வருகிறது. இந்த மாதிரி இரட்டைச் சொற்கள் வெளியாட்களுக்குப் பெரிய தலைவலி என்று சாமுவேல் ஜான்சனே 1755இல் தன் அகராதியின் முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். எனவே, தடுமாறுவது நாம் மட்டும் இல்லை. இலக்கணக் கதை இவ்வளவு போதும்.

மாமரத்தடியில் ஒரு சோதனை

‘பிக் த மாங்கோஸ்’ என்றால் மரத்திலிருந்து மாம்பழத்தைப் பறி என்று பொருள். ‘பிக் அப் த மாங்கோஸ்’ என்றால் கீழே கிடப்பதைப் பொறுக்கு. ‘அப்’ ஒன்று போனால் வேலையே மாறிவிடுகிறது.

தனியாக நிற்கும் ‘பிக்’குக்கு முக்கியமாக இரண்டு வேலை: பறிப்பது, தேர்ந்தெடுப்பது. கையில் தூக்குவது, வண்டியில் ஏற்றிக்கொள்வது, போனை எடுப்பது எல்லாவற்றுக்கும் ‘அப்’ வேண்டும். ‘மை பிரதர் வில் பிக் மீ’ என்று நீங்கள் சொன்னால், அண்ணன் உங்களை ஏதோ அணிக்குத் தேர்வு செய்யப்போகிறார் என்றுதான் ஆங்கிலக் காதுக்குக் கேட்கும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த அஷ்வினை 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் இந்திய அணி சேர்க்கவில்லை. அதைச் சொல்ல ‘இந்தியா டிட் நாட் பிக் அஷ்வின்’ போதும். அவர் ஐந்து விக்கெட் வீழ்த்தினார் என்றால் ‘அஷ்வின் பிக்ட் அப் ஃபைவ் விக்கெட்ஸ்’. அவருடைய கேரம் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பேட்ஸ்மேனுக்குத் தெரியவில்லை என்றால் மறுபடி ‘அப்’ இல்லாமல், ‘ஹி டிட் நாட் பிக் த கேரம் பால்’. அடுத்த ஆட்டத்தில் ஆங்கில வர்ணனையைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். மூன்றும் ஒரே நாளில் வந்துவிடும்.

வாக்கியம் அமைக்கும் வரிசை

எதை எடுக்கிறோமோ, யாரை அழைத்துக்கொள்கிறோமோ அதை இங்கே ‘பொருள்’ என்று சொல்கிறேன். பேசுவதற்கு முன் கீழே உள்ள வரிசையில் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். சில நாளில் யோசிக்காமலே வந்துவிடும்.

1. பொருள் இருக்கிறதா? இல்லையென்றால் கவலையே இல்லை. இரண்டு சொல்லையும் ஒட்டிச் சொல்லுங்கள். ‘பிசினஸ் ஈஸ் பிக்கிங் அப்.’ ‘ஷி இஸ்ன்ட் பிக்கிங் அப்.’

2. பொருள் ஒரு பெயர்ச்சொல்லா? பார்சல், பை, குழந்தை, கண்ணன் என்று ஏதாவது ஒன்று? அப்படியானால் ‘அப்’ முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். ‘பிக் அப் த பார்சல்’, ‘பிக் த பார்சல் அப்’ இரண்டும் சரி.

3. பொருள் ‘மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம்’ என்ற ஏழில் ஒன்றா? அப்படியானால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். ‘பிக் மீ அப்’, ‘பிக் இட் அப்’, ‘பிக் தெம் அப்’. ‘பிக் அப் மீ’ என்பதும் ‘பிக் அப் இட்’ என்பதும் தவறு. இதில் விதிவிலக்கு தேட வேண்டாம்.

4. பொருள் நீளமா? அப்படியானால் ‘அப்’பை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ‘பிக் அப் த பார்சல் தட் கேம் ஃப்ரம் மதுரை’ என்றால் காதுக்குச் சுகம். அவ்வளவையும் நடுவில் திணித்து, கடைசியில் ‘அப்’ என்று முடித்தால், கேட்பவர் அதற்குள் வினைச்சொல்லையே மறந்திருப்பார்.

5. செயப்பாட்டு வாக்கியமா? இரண்டு சொல்லும் சேர்ந்தே வரும். ‘ஐ வாஸ் பிக்ட் அப் அட் த ஸ்டேஷன்.’ நம்மவர்கள் ‘அப்’பை விழுங்கிவிடும் இடங்களில் இது முக்கியமானது. ‘ஐ வாஸ் பிக்ட்’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

குறிப்பு: ஐந்தையும் ஒரே நாளில் மூளையில் ஏற்ற வேண்டாம். மூன்றாவதை மட்டும் முதலில் பழகுங்கள். பேச்சில் ‘மீ, யூ, இட்’தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் படி உறுதியானால் மற்றவை தானாக வந்து சேரும்.

போன்: இங்கேதான் அதிகம் சறுக்குகிறோம்

‘ஒய் டிட் யூ நாட் பிக் த போன்?’ என்ற கேள்வி நம்மூர் அலுவலகங்களில் சாதாரணம். இங்கே எல்லோருக்கும் புரிகிறது என்பதால் யாரும் திருத்துவதும் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இதையே சொன்னால், கடையில் போனைத் தேர்ந்தெடுக்கும் சமாச்சாரம் மாதிரி தொனிக்கும். ‘பிக் அப் த போன்’ என்றுதான் வர வேண்டும். பழைய கறுப்பு டெலிபோனில் ரிசீவரைக் கையால் தூக்கினோமே, அந்தத் தூக்கல்தான் இந்த ‘அப்’. இன்று கண்ணாடித் திரையில் விரலைத் தேய்த்தாலும் சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

போன் என்ற சொல்லையே விட்டுவிட்டும் பேசலாம். ‘ஐ கால்ட் யூ, பட் யூ டிட்ன்ட் பிக் அப்’ என்பது முழு வாக்கியம். பேச்சில் இதுதான் மிக இயல்பு.

அழைப்பு, அதாவது ‘கால்’ என்று சொல்ல விரும்பினால் வினைச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்: ‘ஆன்சர் த கால்’ அல்லது ‘டேக் த கால்’. ‘அட்டெண்ட் த கால்’ நம் நாட்டு வழக்கு. இங்கே செல்லும், லண்டனில் புருவம் தூக்குவார்கள். பேசி முடித்து வைப்பதற்கு ‘கட் த கால்’ என்கிறோம். அங்கே அது ‘ஹேங் அப்’. சுவரில் மாட்டியிருந்த போனில் ரிசீவரைக் கொக்கியில் தொங்கவிட்ட காலத்துச் சொல் அது.

எச்சரிக்கை: ‘ஹி ஹங் அப் ஆன் மீ’ என்றால், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பட்டென்று வைத்துவிட்டார் என்ற மனத்தாங்கலும் சேர்ந்துவிடும். சிக்னல் போய்த் தொடர்பு அறுந்ததற்கு இதைச் சொல்லி மேலதிகாரியை வம்புக்கு இழுக்காதீர்கள். ‘வி காட் கட் ஆஃப்’ என்றால் பழி யார் மீதும் விழாது.

ஆளை அழைத்துக்கொள்வது

பயணத்தில் உங்களுக்கு அதிகம் உதவப்போகிற அர்த்தம் இது. ஒருவர் இருக்கும் இடத்துக்கு வண்டியில் போய், ஏற்றிக்கொண்டு வருவது. வெளியூர் விமான நிலையத்தில் நீங்கள் இறங்கியதும் ஓட்டல் டிரைவரின் அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர்: ‘ஹலோ சார், ஐ அம் ஹியர் டு பிக் யூ அப். வேர் ஆர் யூ?’

நீங்கள்: ‘ஐ அம் அட் த பிக்-அப் பாயிண்ட், நியர் டோர் ஃபோர்.’

டிரைவர்: ‘ஓகே சார். டூ மினிட்ஸ்.’

நீங்கள்: ‘ஒன் மோர் திங். கேன் யூ பிக் அஸ் அப் ஃப்ரம் த ஹோட்டல் அட் ஃபைவ் டுமாரோ?’

முதல் வரியில் ‘யூ’ நடுவில் இருக்கிறது, கடைசி வரியில் ‘அஸ்’ நடுவில் இருக்கிறது. இடையில் வரும் ‘பிக்-அப் பாயிண்ட்’ வினைச்சொல் இல்லை, பெயர்ச்சொல். அதனால் இரண்டும் கோடு போட்டு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடத்தைச் சொல்லும்போது ‘ஃப்ரம் த ஹோட்டல்’ என்றும் சொல்லலாம், ‘அட் த ஹோட்டல்’ என்றும் சொல்லலாம். ‘ஸ்டேஷன்ல’ என்ற தமிழ் உருபு நம்மை ‘இன் த ஸ்டேஷன்’ பக்கம் இழுக்கும். போகாதீர்கள்.

‘ஐ வில் ரிசீவ் யூ அட் த ஏர்போர்ட்’ என்பதையும் இந்த இடத்திலேயே கழற்றிவிடலாம். வண்டியோடு போகிறீர்கள் என்றால் ‘ஐ வில் பிக் யூ அப்’. வாசலில் நின்று கையசைக்க மட்டும் போகிறீர்கள் என்றால் ‘ஐ வில் மீட் யூ’. ரிசீவ் செய்வது கடிதத்தை, பணத்தை.

இதற்கு எதிர்ச்சொல் ‘டிராப் ஆஃப்’. ‘டிராப் மீ அட் த பஸ் ஸ்டாண்ட்’ என்று இடத்தோடு சொன்னால் ‘ஆஃப்’ இல்லாமலும் சரிதான். இடமே சொல்லாமல் ‘ஐ வில் டிராப் யூ’ என்று மொட்டையாக நிறுத்துவது ஆபத்து. கீழே போட்டுவிடுவேன் என்றும், அணியிலிருந்து நீக்கிவிடுவேன் என்றும் அர்த்தம் பிரியும். ‘ஐ வில் டிராப் யூ ஆஃப்’ என்றால் குழப்பம் இல்லை. பள்ளி வேன் விளம்பரங்களில் பார்க்கும் ‘பிக்-அப் அண்ட் டிராப்’ வெளிநாட்டில் ‘பிக்-அப் அண்ட் டிராப்-ஆஃப்’ ஆகிவிடும்.

சரக்குக்கும் இதே முறைதான். கூரியர் அலுவலகத்தில் ‘ஐ அம் ஹியர் டு பிக் அப் எ பார்சல்’ என்றால் போதும். அதையே கடிதத்தில் எழுதும்போது ‘கலெக்ட்’ கூடுதல் மரியாதை. பிரிட்டனில் பேச்சிலும் ‘கலெக்ட்’ தாராளமாகப் புழங்கும். இணையத்தில் வாங்கிக் கடையில் பெற்றுக்கொள்வதை அங்கே ‘கிளிக் அண்ட் கலெக்ட்’ என்கிறார்கள்.

வழியில் பால் வாங்கிவா

‘கேன் யூ பிக் அப் சம் மில்க் ஆன் த வே ஹோம்?’ இங்கே ‘பிக் அப்’ என்றால் வாங்குவது. போகிற வழியில், தனியாக மெனக்கெடாமல் வாங்கும் சில்லறைச் சாமான்களுக்கு இது. பட்டுப் புடவைக்கும் வீட்டு மனைக்கும் சொன்னால், போகிற போக்கில் வாங்கியதாகப் பெருமையடிப்பது மாதிரி ஆகிவிடும்.

ஒரு சின்ன நுணுக்கம்: ‘சம் மில்க்’ என்றால் பணம் கொடுத்து வாங்கு. ‘த மில்க்’ என்றால் ஏற்கெனவே சொல்லிவைத்த பால், போய் எடுத்துவந்தால் போதும். தையல் கடையில் தைத்துத் தயாராக இருக்கும் பிளவுஸ் ‘த பிளவுஸ்’தான்.

படிந்ததும் ஒட்டியதும்

வகுப்புக்குப் போகாமல், புழக்கத்தில் தானாகக் கற்றுக்கொள்வதும் ‘பிக் அப்’தான். ‘ஷி பிக்ட் அப் தெலுகு ஃப்ரம் ஹெர் நெய்பர்ஸ்.’ பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழகியே தெலுங்கு வந்துவிட்டது. மொழி, பழக்கம், சின்னச் சின்ன வித்தைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நேர்முகத் தேர்வில் மட்டும் கவனம் தேவை. மூன்று வருடம் முறையாகப் படித்த கணக்குப் பதிவியலை ‘ஐ பிக்ட் அப் அக்கவுண்டிங்’ என்று சொன்னால், அங்கே இங்கே பார்த்துக் கற்றதாகத் தரம் இறங்கிவிடும். அங்கே ‘ஐ ஸ்டடீட் அக்கவுண்டிங்’தான் சரி.

தொற்று நோயும் இப்படித்தான் ஒட்டும். ‘த சைல்ட் பிக்ட் அப் எ கோல்ட் அட் ஸ்கூல்.’ சளி, இருமல், வயிற்றுத் தொற்று மாதிரி வெளியிலிருந்து வருபவற்றுக்கு மட்டும் இது. சர்க்கரை நோயையும் இதய நோயையும் யாரும் ‘பிக் அப்’ செய்வதில்லை.

சூடுபிடிப்பது

மந்தமாக இருந்தது வேகமெடுத்தால் ‘பிக் அப்’. இந்த அர்த்தத்தில் பெரும்பாலும் பொருளே வராது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவைப் பற்றி ‘சேல்ஸ் ஹாவ் பிக்ட் அப்’ என்று எழுதலாம். காற்று வலுத்தால் ‘த விண்ட் ஈஸ் பிக்கிங் அப்’. ரயில் வேகமெடுத்தால் ‘த டிரெயின் பிக்ட் அப் ஸ்பீட்’. இங்கே மட்டும் ‘ஸ்பீட்’ சேரும். காய்ச்சல் ஏறுவதற்கு இதைச் சொல்லக் கூடாது. அதற்கு ‘வென்ட் அப்’ இருக்கிறது.

பத்திரமாகப் பேச வேண்டிய இடங்கள்

* ஓட்டலில் பில்: ‘ஐ வில் பிக் அப் த பில்’ என்றால் பில் காகிதத்தை எடுத்துவருகிறேன் என்று அர்த்தமில்லை, மொத்தப் பணத்தையும் நான் கொடுக்கிறேன் என்று அர்த்தம். பத்துப் பேர் சாப்பிட்ட மேசையில் தெரியாமல் சொல்லிவிட்டால் பர்ஸுக்குச் சேதம்.

* முன்பின் தெரியாத பெண்ணையோ ஆணையோ பற்றிப் பேசும்போது: ‘ஹி பிக்ட் அப் எ கேர்ள் அட் எ பார்’ என்றால், பேச்சுக் கொடுத்து மயக்கி அழைத்துப்போனான் என்று பொருள். அலுவலகத் தோழிக்கு மழையில் வண்டியில் இடம் கொடுத்ததைச் சொல்ல ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள்’ என்று தொடங்கினால் வீட்டிலும் வம்பு, அலுவலகத்திலும் வம்பு. ‘ஐ கேவ் எ கலீக் எ லிஃப்ட்’ என்று சொல்லுங்கள். தங்கை, அம்மா, மகள் என்று உறவைச் சொல்லிவிட்டால் ‘பிக் அப்’பே போதும். ‘ஐ பிக்ட் அப் மை சிஸ்டர்’ என்பதில் எந்த விகாரமும் இல்லை.

* போலீஸ்: ‘த போலீஸ் பிக்ட் ஹிம் அப்’ என்றால் விசாரணைக்குப் பிடித்துப்போனார்கள். போலீஸ்கார மாமா ஸ்டேஷனிலிருந்து உங்களைக் கூட்டிவந்த கதைக்கு ‘மை அங்கிள்’ என்றே தொடங்குங்கள்.

* ‘பிக் ஆன்’: ‘அப்’ இருந்த இடத்தில் ‘ஆன்’ வந்தால் ஒருவரையே குறிவைத்துச் சீண்டுவது. ‘த டீச்சர் ஆல்வேஸ் பிக்ஸ் ஆன் மை சன்’ என்பது புகார். இதில் இன்னொரு வித்தியாசம், ‘பிக் ஹிம் ஆன்’ என்று பிரிக்க முடியாது. ‘பிக் ஆன் ஹிம்’தான்.

* பூங்காப் பலகை: பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் நடைப்பயிற்சியின்போது ‘பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்’ என்ற பலகையைப் பார்ப்பார்கள். நாயைத் தூக்கச் சொல்லவில்லை. அது அசுத்தம் செய்ததை எடுத்துப் போடச் சொல்கிறது. செய்யாவிட்டால் பல ஊர்களில் அபராதம் உண்டு.

வாயில் எப்படி வர வேண்டும்

வினைச்சொல்லாக வரும்போது அழுத்தம் ‘அப்’ மேல். பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் ‘பிக்’ மேல். வேன், பாயிண்ட், வண்டியின் வேகம் இவற்றுக்கெல்லாம் பின்னது. இறந்த காலத்தில் ‘பிக்கெட்’ என்று இரண்டு அசையாக இழுக்காதீர்கள். ‘பிக்ட்’ ஒரே அசை. அதோடு ‘அப்’ சேரும்போது ‘பிக்டப்’ என்று ஒரே மூச்சில் ஓடும். ஆங்கிலப் படத்தில் இந்தச் சொல் காதில் விழாமல் நழுவுவது இதனால்தான். நடுவில் ‘இட்’ வந்தால் ‘பிக்கிட்டப்’ என்று இன்னும் இறுகும். பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன ஏது என்று கேட்டால் கேட்கட்டும்.

பயிற்சி

பெரிய அகராதியைத் திறந்தால் ‘பிக் அப்’புக்குக் கீழே அர்த்தங்கள் நீண்டுகொண்டே போகும். ரேடியோ சிக்னல் பிடிப்பது, மோப்பம் பிடிப்பது, விட்ட இடத்திலிருந்து தொடர்வது எல்லாம் உண்டு. அவற்றை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து. போன், அழைத்துக்கொள்வது, வாங்குவது, வேகமெடுப்பது ஆகிய நான்குக்கும் உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து தலா ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை காதில் விழும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி இந்த ஐந்து வாக்கியங்களையும் படித்து, வேண்டிய இடத்தில் திருத்துங்கள். விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

1. ‘ப்ளீஸ் பிக் அப் மீ அட் எய்ட்.’
2. ‘ஐ கால்ட் ட்வைஸ், பட் ஹி டிட் நாட் பிக்.’
3. ‘மை டாட்டர் ஈஸ் பிக்கிங் கன்னடா வெரி ஃபாஸ்ட்.’
4. ‘வி வேர் பிக்ட் ஃப்ரம் த ஸ்டேஷன் பை மை அங்கிள்.’
5. ‘ஐ வில் பிக் த டிக்கெட்ஸ் அப் டுமாரோ.’

விடை: முதலாவதில் ‘பிக் மீ அப்’. இரண்டாவதில் ‘டிட் நாட் பிக் அப்’. மூன்றாவதில் ‘பிக்கிங் அப் கன்னடா’. நான்காவதில் ‘பிக்ட் அப் ஃப்ரம் த ஸ்டேஷன்’. ஐந்தாவதில் தவறே இல்லை. அதையும் திருத்தியிருந்தீர்கள் என்றால் வாக்கியம் அமைக்கும் வரிசையில் இரண்டாம் படியை இன்னொரு முறை படித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள்.